கோட்டை மேலத்தெருவுக்குச் சொந்தமல்ல

புவேர்த்தோ சலாதோ,
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 1.10

ஞாயிறு இணைப்பின் பொறுப்பாசிரியர் யாரியேலா அம்மையார் அவர்களுக்கு,

ஒல்மேதோ பாரியோஸ் மரியாதையுடன் எழுதுவது. நீங்களும் உங்கள் கணவரும் குழந்தைகள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். என் மனைவி தெல்ஃபினா நலம். உங்கள் மாமியார், இந்த வரியை எழுதும் நேரம்வரை, நலம்.

உங்கள் பத்திரிகைக்கு இந்த மாகாணத்திலிருந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் செய்தி அனுப்பியவன் நான். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுவது என் பழக்கம். எழுபத்தெட்டு வயதான கசில்தா அம்மையார், அதாவது உங்கள் கணவரின் தாயார், கரையிலிருந்து நானூறு மீட்டர் தள்ளி இருக்கும் தீவுக் கோட்டையில் ஒரு பீரங்கியின்மேல் உட்கார்ந்திருக்கிறார். அவர் நடந்துபோன மணல்திட்டு 12.20க்கு நீருக்குள் போய்விட்டது. கோட்டைக்கு ஏறும் படிகள் பதினொன்று. அவற்றில் இப்போது ஒன்பது தெரிகின்றன. கடல் உச்சத்துக்கு ஏறும் நேரம் 3.52. மற்ற நாட்களில் நீர் எட்டாவது படியோடு நின்றுவிடும். இன்று வருவது இந்த ஆண்டின் மிகப் பெரிய ஏற்றம். பதினோரு படிகளும் மூழ்கி, பீரங்கி மேடையில் முழங்கால் அளவு நீர் நிற்கும் என்று அட்டவணை சொல்கிறது. அட்டவணை அலைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒரு திருத்தம் கோருவது. அதை அச்சிடுவதாக நீங்கள் ஒரு வார்த்தை எழுதி அனுப்பினால் படகு கிளம்பும். நான் மீன் ஏலக் கொட்டகையின் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தெல்ஃபினா ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உங்கள் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். உங்களை ஏழு முறை அழைத்தோம். ஞாயிறு மதியம் நீங்கள் கைபேசியை அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு சாப்பிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும். இந்தப் பழக்கத்தைப் பலரிடம் பாராட்டிச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன். உங்கள் கணவரின் எண் எங்களிடம் இல்லை. கசில்தா அம்மையாரைக் கைபேசியில் கேட்டால், மகன் ஒரு வாரம் உழைத்துவிட்டு இன்றைக்குத்தான் தூங்குவான், அவனை எழுப்பவேண்டாம் என்கிறார்.

இது எப்படி நேர்ந்தது என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கையில் அதிகம் காசில்லாதவர்கள் எங்கள் ஊரில் பார்க்கக்கூடிய இடங்களைப் பட்டியலிட்டு எழுதும்படி ஆகஸ்டில் கேட்டீர்கள். ஒரு பால்போவாவுக்குமேல் செலவு வைக்காத இடங்கள், திறந்தவெளியாக இருந்தால் நல்லது, கொஞ்சம் சரித்திரமும் இருக்கட்டும் என்றீர்கள். இடங்களைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. அவற்றைப் பிரிப்பதுதான் பெரிய காரியம். இந்த ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெருக்கள். இரண்டும் ஒரே மட்டம்தான், ஒரு கோலிக்குண்டை வைத்தால் எந்தப் பக்கமும் உருளாது. கார்னிவல் திருவிழாவின் நான்கு நாட்களும் மேலத்தெருவுக்கு ஒரு ராணி, கீழத்தெருவுக்கு ஒரு ராணி, ஆளுக்கொரு வாத்தியக்குழு, ஆளுக்கொரு அலங்கார ரதம், ஒருவர் பாட்டியை மற்றவர் திட்டுவதற்கு ஆளுக்கொரு பாட்டு. மீதி முந்நூற்றுச் சொச்சம் நாட்களும் அதற்கான தயாரிப்பு. மேயர் மேலத்தெருவில் ஒரு விளக்குக் கம்பம் நட்டால் கீழத்தெருவிலும் ஒன்று நட்டாகவேண்டும். பூங்காவுக்குப் பக்கத்தில் இரண்டு கம்பங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஆகவே ஊரைப் பற்றிய எந்தப் பட்டியலிலும் இரண்டு தெருவுக்கும் சமமான எண்ணிக்கை வேண்டும். ஆனால் இருப்பதைத்தானே எழுத முடியும்? கீழத்தெருவுக்கு மீன்பிடித் துறை, உப்பளம், மாலுமிகள் கல்லறை என மூன்று. மேலத்தெருவுக்கு மாதா கோயிலும் பழைய சுங்கச் சாவடியும் என இரண்டு. கீழத்தெருவில் ஒன்றைக் குறைத்திருக்கலாம். என் மனைவி கீழத்தெருக்காரி. துறையை விட்டால் அவள் தம்பியை விட்டதாகும்; கல்லறையை விட்டால் அவள் அப்பாவை விட்டதாகும்; உப்பளத்தை விட்டால் அந்த மாதம் முழுக்கச் சாப்பாட்டில் உப்பே இருக்காது. மீதியிருந்தது தீவுக் கோட்டை. அது யாருக்கும் சொந்தமில்லை. இரண்டு தெருக்களுக்கும் நடுவிலுள்ள எல்லையைப் பூங்காவிலிருந்து நேராகக் கடலுக்குள் நீட்டினால் அது கோட்டை வாசலின் நடுவே போகும். அங்கே விற்கவோ திருடவோ எதுவும் இல்லாததால் இருநூறு வருடமாக இரண்டு தெருக்காரர்களும் அதைக் கேட்டதில்லை. நான் அதை மேலத்தெருவின் மூன்றாவது இடமாகப் போட்டேன். கணக்கு சரியாயிற்று. என் நீண்ட பணிவாழ்வில் தெரிந்தே எழுதிய பொய் இது ஒன்றுதான், அம்மையாரே. அதைத்தான் நீங்கள் கட்டம் கட்டிப் போட்டீர்கள்.

அதே கட்டுரையிலிருந்து இடப் பற்றாக்குறையால் பன்னிரண்டு சொற்களை நீக்கியிருக்கிறீர்கள். நான் குறை சொல்லவில்லை. நானும் அச்சகத்தில் நின்று பத்திகளை வெட்டியவன்தான். அந்தப் பன்னிரண்டு சொற்கள் இவை: "கடல் வற்றியிருக்கும்போது மட்டும் போகவும், நீர் ஏறத் தொடங்கினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடனே கரைக்குத் திரும்பவும்."

அம்மையார் நேற்று மாலைப் பேருந்தில் வந்து எங்கள் வீட்டில் தங்கினார். நுழைவுச்சீட்டு இல்லாத இடங்களை மட்டும் காட்டச் சொல்லி நீங்கள் எழுதியிருந்தபடி, இன்று நானே கூட்டிப்போவதாக இருந்தேன். நான் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த முக்கால் மணி நேரத்தில் அவர் உங்கள் பத்திரிகையின் கட்டத்தை வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கோயிலுக்குப் போகிறார் என்று நினைத்து தெல்ஃபினா நான்கு மரவள்ளி உருண்டைகளும் ஒரு குப்பி சிச்சேமே என்ற சோளப்பாலும் கட்டிக்கொடுத்திருக்கிறாள். பத்தரை மணிக்கு அவர் மணல்திட்டில் நடந்துபோனதை ஊரில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கீழத்தெருக்காரர்கள், மேலத்தெருக் கோட்டைக்குப் போகிறவர் மேலத்தெரு விருந்தாளி, நமக்கென்ன என்று இருந்தார்கள். மேலத்தெருக்காரர்களுக்குக் கடல் எப்போது வற்றும் எப்போது ஏறும் என்பதே தெரியாது. அவர்கள் மூன்று தலைமுறையாக வியாபாரிகள்.

பிற்பகல் 1.35. எட்டுப் படிகள் தெரிகின்றன.

படகுகள் எல்லாம் கீழத்தெருவில்தான் இருக்கின்றன. பதினான்கு. படகுக்காரர்களுக்குத் தலைவன் என் மைத்துனன் நிகானோர். நான் ஓடிவந்து மூச்சு வாங்கக் கேட்டபோது அவன் முடியாது என்று சொல்லவில்லை. அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"அத்தான், எஞ்சின் ஓடிக்கிட்டுதான் இருக்கு, காதுல விழுதில்ல? எனக்கு அந்தம்மா மேல ஒரு கோவமும் இல்ல. ஆனா அது மேலத்தெரு கோட்டைன்னு நீங்களே பேப்பர்ல எழுதிட்டீங்க. அடுத்தவன் வீட்டுக்குள்ள அவன் கூப்பிடாம நான் எப்படிக் கால வைக்கிறது? பெலிசாரியோ வந்து ஒரு வார்த்தை கேட்கட்டும். இந்த நிமிஷமே போறேன்."

பெலிசாரியோ மேலத்தெருக் கார்னிவல் குழுவின் தலைவர். இரும்புக்கடை வைத்திருக்கிறார். நான் அவர் கடைக்கு ஓடினேன். அவர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு கேட்டார்: "எங்க கோட்டைல எங்க விருந்தாளி உட்கார்ந்து காத்து வாங்கறாங்க. அதுக்கு எதுக்கு அண்ணே நான் கீழத்தெருக்காரன்கிட்ட போய் நிக்கணும்?" நீர் ஏறுவதைச் சொன்னேன். ஏறினால் இறங்கத்தானே செய்யும் என்றார். இன்றைய ஏற்றம் வேறு மாதிரி என்று அட்டவணையைக் காட்டினேன். அதைத் தலைகீழாகப் பிடித்து ஒரு நிமிடம் படித்தார். முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் கேட்க மாட்டேன் என்றார். அவருடைய அப்பாவும் கேட்டதில்லையாம். தாத்தா ஒரு தடவை கேட்டாராம், அதை வைத்துக் கீழத்தெருவில் இன்றுவரை பாட்டுப் பாடுகிறார்களாம். அது உண்மைதான். தெல்ஃபினா மாவு பிசையும்போது பாடுவாள்.

அடுத்த துறைமுகத்து மீட்புப் படகையும் கூப்பிட்டோம். அது வேறொரு இடத்துக்குப் போயிருக்கிறதாம், சீக்கிரம் வந்தாலும் மாலை நான்கு ஆகுமாம்.

ஆக, பெலிசாரியோ கேட்க மாட்டார். அவர் கேட்காமல் நிகானோர் போகமாட்டான். மிச்சமிருக்கும் ஒரே வழி, அது மேலத்தெருக் கோட்டை இல்லை என்று பத்திரிகையே சொல்வதுதான். நான் வாயால் சொல்லிப் பார்த்தேன். அச்சில் வந்த பொய்யை வாயால் திருத்த முடியாது என்று படகுக்காரர்கள் ஒருமுகமாகச் சொல்லிவிட்டார்கள். இதழியல்ரீதியாக அவர்கள் சொல்வது சரி. எனவே பின்வரும் திருத்தத்தை எழுதினேன்:

"சென்ற ஞாயிறு வெளியான கட்டுரையில் தீவுக் கோட்டை மேலத்தெருவைச் சேர்ந்தது என்று தவறாகக் குறிப்பிடப்பட்டது. அது எந்தத் தெருவையும் சேர்ந்ததல்ல."

நிகானோர் என் தோளுக்குமேல் குனிந்து இதைப் படித்தான். பிறகு கேட்டான்: "எந்தத் தெருவும் இல்லன்னா அப்புறம் நாங்க எதுக்குப் போகணும்?"

இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டு, "அது கீழத்தெருவைச் சேர்ந்தது" என்று எழுதினேன். பின்னால் நின்ற ஒருவர், "ஆதியிலிருந்தே" என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். இன்னொருவர், மேலத்தெருக்காரர்களுக்கு நீச்சல் தெரியாது என்பதையும் சேர்க்கச் சொன்னார். அது திருத்தத்தின் எல்லைக்குள் வராது என்று விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் இன்னொரு படி காணாமல் போயிற்று. அந்தக் கோட்டையை ஸ்பானியர்கள் கட்டியபோது இரண்டு தெருக்களும் இல்லை, இங்கே நண்டுகள்தான் இருந்தன என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்கள் அச்சிடவேண்டிய இறுதி வடிவம் இதுதான்:

"தீவுக் கோட்டை ஆதியிலிருந்தே கீழத்தெருவைச் சேர்ந்தது. தவறுக்கு வருந்துகிறோம்."

பிற்பகல் 2.05. ஆறு படிகள்.

அம்மையார் பேசினார். தெல்ஃபினா கைபேசியை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள், நான் ஒரு கையால் எழுதிக்கொண்டே பேசினேன். அவருக்கு இருக்குமிடம் மிகவும் பிடித்திருக்கிறது. தலைநகரில் இப்படி ஒரு காற்றுக்கு ஓட்டல்காரன் எண்பது பால்போவா வாங்குவான் என்றார். பீரங்கியில் பொறித்திருக்கும் வருடம் நான் எழுதியபடி 1763 இல்லை, 1768 என்று திருத்தினார். அந்த எட்டின் வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாராம். மன்னிப்புக் கேட்டேன். அதையும் திருத்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். படகு வரப் போகிறது, பயப்படவேண்டாம் என்றேன்.

"படகுக்கு எவ்வளவு தம்பி?" என்று கேட்டார். எனக்கு எழுபத்தொன்று. தம்பி என்று யாரும் கூப்பிட்டுப் பல வருடம் ஆகிறது.

ஒன்றும் கொடுக்கவேண்டாம் என்றேன். அவர் நம்பவில்லை. நடந்து போய் நடந்து வரலாம் என்றுதான் பத்திரிகையில் இருந்தது, படகு என்று ஒரு வார்த்தைகூட இல்லை, வந்தபிறகு இரண்டு பால்போவா கொடு, மூன்று பால்போவா கொடு என்று கேட்பது இந்த மாதிரி ஊர்களில் வழக்கமாம், அதனால் நீர் இறங்கும்வரை காத்திருந்து நடந்தே வருவதாகச் சொன்னார். நீர் இறங்க இரவாகும், அதற்குமுன் ஏறும் என்றேன். எவ்வளவு ஏறும் என்றார். நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பொய் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்பதை என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேடைக்குமேல் முழங்கால் அளவு, அலை தனி என்றேன்.

"தம்பி, எனக்கு நீச்சல் தெரியாது" என்றார். "யாரையும் அவசரப்படுத்த வேணாம். ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன்."

நான் புயல்களை எழுதியிருக்கிறேன், இரண்டு கப்பல் மூழ்கியதை எழுதியிருக்கிறேன். ஒரே வரியை இப்படி மூன்று தடவை அடித்து எழுதியதில்லை. இந்தப் பக்கத்தின் எழுத்து சரியாகத் தெரியாவிட்டால் அதுதான் காரணம்.

தெல்ஃபினா கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தம்பி முன்னால் போய் நின்றாள். "நிகானோர், அம்மா உயிரோட இருந்திருந்தா இந்நேரம் உன்னைச் செருப்பால அடிச்சிருப்பாங்க" என்றாள். "அம்மாவும் கீழத்தெருதான் அக்கா" என்றான் அவன். ஆனால் கடலைப் பார்த்துத்தான் சொன்னான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. படகுக்காரர்கள் யாருமே இப்போது சிரிக்கவில்லை. ஒருவர் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார், மறுபடி அவிழ்த்தார். பத்திரிகை பதில் சொல்லிவிட்டதா என்று மூன்று பேர் மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். அவர்களும் போகத்தான் துடிக்கிறார்கள் அம்மையாரே, போவதற்கு ஒரு காரணம்தான் வேண்டியிருக்கிறது. சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நிமிடம் எழுந்து அந்தக் கைபேசியைப் பாருங்கள்.

பிற்பகல் 2.35. நான்கு படிகள். உங்களிடமிருந்து பதில் இல்லை.

நான் எழுதும் திருத்தத்தைப் பற்றி யாரோ மேலத்தெருவில் போய்ச் சொல்லிவிட்டார்கள். பெலிசாரியோ ஐந்து பேரோடு கடற்கரைக்கு வந்தார். பின்னாலேயே ஒரு டிராக்டர். டிராக்டருக்குப் பின்னால், இந்த வருடக் கார்னிவலில் அவர்களுடைய ராணி ஏறிவந்த அன்னம். உங்கள் பத்திரிகையில் அதன் படம் வந்திருக்கிறது. ஏழு மீட்டர் நீளம், தெர்மகோல் உடம்பு, மரச்சட்டம், மூன்று மீட்டர் கழுத்து, வாலில் மூவாயிரம் வெள்ளை இறகுகள். தெர்மகோல் மிதக்கும் என்பது அவர்களின் வாதம். தங்கள் கோட்டையிலிருந்து தங்கள் விருந்தாளியைத் தாங்களே கூட்டி வரப் போகிறார்களாம். துடுப்புக்குப் பதிலாக ஆளுக்கொரு ரொட்டிக்கடை அகப்பை. நான் பெலிசாரியோவின் கையைப் பிடித்துக்கொண்டு, இது ரதம், படகில்லை, தீவுக்கு முன்னாலுள்ள ஆழமான கால்வாய்ப் பக்கம் நீரோட்டம் பலமாக இருக்கும், உங்களுக்கும் நீச்சல் தெரியாது என்று கெஞ்சினேன்.

"தெரியாதுதான் அண்ணே" என்றார். அவருக்கும் உதடு காய்ந்திருந்தது. "அதுக்காக அந்தம்மாவை அங்கேயே விட்டுர்றதா?"

இவ்வளவு நேரத்தில் இந்தக் கரையில் ஒருவர் சொன்ன முதல் நியாயமான வார்த்தை இது. சொன்னவர் அன்னத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார்.

சக்கரங்கள் மணலில் புதைகின்றன. தள்ளுகிறார்கள். நிகானோர் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறான். அன்னம் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால் அடுத்த கார்னிவலில் மேலத்தெரு என்ன பாட்டுப் பாடும் என்பது அவனுக்குள் ஓடுவது எனக்குத் தெரிகிறது. படகுக்காரர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். என் மேசையைத் தட்டிவிட்டார்கள், மை கொட்டியதற்கு மன்னிக்கவும். மூன்று படிகள். பீரங்கிமேல் நின்றுகொண்டு அம்மையார் கைக்குட்டையை ஆட்டுகிறார், இங்கிருந்து வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. அன்னம் தண்ணீரில் இறங்கிவிட்டது. நான் ஓடவேண்டும்.

உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் எங்கள் ஊர்க் கார்மேல் மாதா துணையிருக்கட்டும். முக்கியமாக, இப்போது உங்களோடு சாப்பிட உட்காராதவருக்கு. உங்கள் கணவருக்கு என் அன்பையும், தேவைப்பட்டால் என் மன்னிப்பையும் தெரிவியுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஒல்மேதோ பாரியோஸ்
ஓய்வுபெற்ற மாகாணச் செய்தியாளர்

(திருத்தத்தின் வாசகத்துக்குச் சாட்சி: நிகானோர் மற்றும் படகுக்காரர்கள் பதின்மூன்று பேர்.)

பின்குறிப்பு, மாலை 6.40. மேலே எழுதியதில் ஒரு வார்த்தையையும் அச்சிட வேண்டாம். முதல் செய்தி முதலில்: உங்கள் மாமியார் நலம். முழங்காலுக்குக் கீழே மட்டும் நனைந்தார். இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் தெல்ஃபினாவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு மீன் சூப் குடிக்கிறார்.

அன்னம் நூற்றைம்பது மீட்டர் போயிற்று. அதுவரைக்கும் நிகானோர் தாங்கினான். பிறகு பத்திரிகையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கத்திக்கொண்டு படகில் குதித்தான். பின்னாலேயே பதின்மூன்று படகுகளும் போயின. கால்வாயைத் தாண்டும்போது அன்னத்தின் கழுத்து முறிந்தது, அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெலிசாரியோவும் ஐந்து பேரும் இறகுகளைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். நிகானோர் முதலில் அவர்களைத்தான் அள்ளிப் போடவேண்டியிருந்தது. அதற்குப் பதினோரு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றேன், அந்தப் பதினோரு நிமிடங்களைப் பற்றி எப்போதும் எழுதமாட்டேன். 3.19க்குப் படகு கோட்டையை அடைந்தபோது மேடைமேல் அலை அடித்துக்கொண்டிருந்தது, அம்மையார் பீரங்கியைக் கட்டிப்பிடித்து நின்றுகொண்டிருந்தார். நிகானோர் கையை நீட்டினான். எவ்வளவு என்று கேட்டாராம். ஒன்றுமில்லை தாயே, ஏறுங்க என்று அவன் அழுதுவிட்டானாம். இதை அவன் ஒத்துக்கொள்ளவில்லை. உடனிருந்த பெலிசாரியோ சொல்கிறார், ஆனால் அவரும் அழுதாராம், அதை நிகானோர் சொல்கிறான்.

உங்கள் மாமியார் தலைநகரச் சந்தைகளில் முப்பது வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவர் என்பதை நீங்கள் எனக்கு எழுதவில்லை. கரையில் இறங்கியதும் அவர் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. கைப்பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். அது நனையவில்லை. படிகளில் கைப்பிடிக் கம்பி இல்லை, கடல் ஏறும் நேரம் எழுதிய பலகை இல்லை, நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, ஒதுங்குவதற்கு மறைவிடம் இல்லை, பீரங்கிக்குள் வௌவால் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்தார். இரண்டு தெருக்காரர்களும், நனைந்தவர்களும் நனையாதவர்களுமாக, வரிசையில் நின்று கேட்டார்கள். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்:

"இந்தக் கோட்டை யாரோடது?"

"மேலத்தெருவோடதும்மா" என்றான் நிகானோர். "எங்க தாத்தா காலத்துலேருந்தே அவங்களோடதுதான். பேப்பர்லயே வந்துருக்கே."

"பேப்பர்ல வர்றதையெல்லாம் நம்பலாமாம்மா?" என்றார் பெலிசாரியோ. "இவங்க இன்னைக்கு மத்தியானம் எழுதிக் கையெழுத்தே போட்டிருக்காங்க, ஆதியிலிருந்தே கீழத்தெருவோடதுன்னு."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதன்பின் நடந்தது இந்த ஊரின் சரித்திரத்தில் முதல் தடவை. இரண்டு தெருவும் ஒன்றுசேர்ந்து, ஒரே நேரத்தில், என்னைக் காட்டின. தெல்ஃபினாவும் காட்டினாள். அம்மையார் என் முழுப் பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.

அரை மணி நேரத்துக்கு முன்பு உங்கள் பதில் வந்தது. திருத்தத்தை ஏற்றுக்கொண்டதாகவும், பக்கம் அச்சுக்குப் போய்விட்டதாகவும், அத்தையை விசாரித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டு பக்கங்களை நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்று தெரிகிறது. அச்சை நிறுத்துங்கள். நிகானோரும் பதின்மூன்று பேரும் என் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அது வெளியானால் கம்பி போடுவதிலிருந்து வௌவால் விரட்டுவதுவரை எல்லாம் அவர்கள் தலையில் விழும். அதற்குப் பதிலாக அம்மையாரே எழுதிக்கொடுத்த இந்த வாசகத்தைப் போடுங்கள்: "தீவுக் கோட்டைக்குப் பொறுப்பாளர் திரு. ஒல்மேதோ பாரியோஸ். அனுமதி இலவசம். கைப்பிடிக் கம்பி பொருத்தும்வரை யாரும் போகவேண்டாம்."

அவர் புதன்கிழமைப் பேருந்தில் ஊர் திரும்புவதாக இருந்தது. கம்பி வேலை முடிவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்கிறார். நிகானோரும் பெலிசாரியோவும் அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டு பேரும் ஏழு மாதம் என்றார்கள், அதாவது அடுத்த கார்னிவலையும் தாண்டி.